பொட்டு வைத்த லேப்டாப்பும் கேரி தீவு வேனும்

போன வாரம் பழைய ஆபீசுக்கு வந்திருந்தபோது உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "அக்கா, இந்தக் காலத்துல யாரு இன்னும் பிஎச்பில சைட்டு எழுதுறா? நம்ம சின்ன கஸ்டமருக்கெல்லாம் ஏன் அதையே தள்ளி விடுறீங்க?" நான் வாயைத் திறப்பதற்குள் பாஸ் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், அந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் ஒரு வரியில் சொல்ல எனக்கே வரவில்லை. என்னிடம் இருப்பது ஒரு குழப்பமான கதை. அதையே எழுதுகிறேன். பாதியில் போனை நோண்டாமல் படியுங்கள்.

நான் யார் என்று தெரியாத புதியவர்களுக்கு: நான் வசந்தா. பிரிக்பீல்ட்ஸில் மாலைக் கடைக்கு மேலே இருக்கும் இதே மாடியில், மற்றவர்கள் சைட்டுக்குச் சர்வரில் இடம் கொடுக்கும் நம் கம்பெனியில், ஓய்வு பெறும்வரை சப்போர்ட் பார்த்தவள். கஸ்டமர் சைட்டு படுத்துக்கொண்டால் முதலில் திட்டு வாங்குவது நான். அந்தத் திட்டை யாரிடம் எந்த வேகத்தில் தள்ளிவிடுவது என்று முடிவு செய்வதும் நான்தான். இந்த வேலைக்குத் தேவையான முக்கியத் தகுதி, ஒன்றும் புரியாதபோது புரிந்த மாதிரி குரலை வைத்துக்கொள்வது. அதில் நான் கெட்டிக்காரி.

கிள்ளானில் சரோஜா அக்கா என்று ஒருவர் ஒரு சிறிய நலச் சங்கத்தின் வேன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுநீரகம் பழுதானவர்களை வீட்டிலிருந்து ஏற்றி, ரத்தம் கழுவும் மையத்துக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டில் விடும் வேன்கள் அவை. வாரத்துக்கு மூன்று தடவை கட்டாயம் போக வேண்டியவர்கள். ஒரு தடவை தவறினால் உடம்பில் தண்ணீர் ஏறும், மூச்சு முட்டும். யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்பதை அக்கா ஒரு வெள்ளைப் பலகையில் எழுதிவைத்து, டிரைவர்களுக்கு வாட்சப்பில் குரல் செய்தியாக அனுப்புவார். எங்கள் பாஸுக்கு இது தெரிந்ததும் மனசு இளகிவிட்டது.

"புண்ணியம் லா. நம்ம சர்வர்லயே ஒரு மூலையில ஒரு சைட்டு போட்டுக் குடுத்துருவோம்" என்றார்.

சைட்டைக் கட்டியவன் தினேஷ். ரவாங்கிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் வரும் எங்கள் புரோகிராமர். கெட்டிக்காரன், வேகமானவன், என்னை மாதிரி கோபக்காரன் இல்லை. வேன் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் நகர்ந்து நகர்ந்து காட்ட வேண்டும் என்பதற்காக அதைப் பிஎச்பியில் எழுதாமல், புதிதாக வந்த நோட் ஜேஎஸ்ஸில் எழுதினான். பார்ப்பதற்கு அவ்வளவு அழகாக இருந்தது. நோயாளிகளின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் அதற்குள் போய்விட்டன. சரோஜா அக்கா வெள்ளைப் பலகையைத் துடைத்துக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் காலண்டர் மாட்டினார். எல்லாருக்கும் சந்தோஷம்.

சந்தோஷம் கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் அக்கா கூப்பிட்டார்.

"வசந்தா, உங்க சைட்டு நேத்து சாயந்திரம் செத்துப் போச்சு லா. இப்ப பார்த்தா உயிரோட இருக்கு. என்னம்மா இது?"

நான் திறந்து பார்த்தேன், ஓடியது. தினேஷ் தன் லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக் காட்டினான். அதிலும் ஓடியது.

"பாருங்க அக்கா, சூப்பரா ஓடுது. அவங்க லைன்தான் சரியில்ல" என்றான்.

இப்படியே பல தடவை. சாயந்திரம் நிற்கும், சில நாள் நிற்காது. ஞாயிற்றுக்கிழமை சில நேரம் நாள் முழுக்கப் படுத்திருக்கும், சில நேரம் பிரச்சினையே இருக்காது. தினேஷ் எப்போது பார்த்தாலும் ஓடும். முழுசாக உடைந்த சாமானைச் சரிசெய்வது சுலபம். நாம் பார்க்கும்போது மட்டும் நல்ல பிள்ளையாக நிற்பதை என்ன செய்வது?

என் சந்தேகம் பக்கத்துக் குடித்தனக்காரர் மேல் விழுந்தது. ஷேர்டு ஹோஸ்டிங் என்றால் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான சைட்டுகள் குடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வேன் சைட்டு இருந்த அதே சர்வரில் ஒரு கோயில் சைட்டும் இருந்தது. பிஎச்பியில் யாரோ எப்போதோ எழுதியது. திருவிழாப் படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றிவைத்திருந்தார்கள். ஒரு படம் திறப்பதற்குள் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிடலாம். இந்தப் பழைய குப்பைதான் மெமரியெல்லாம் தின்கிறது என்று முடிவுகட்டி, கோயிலை வேறு சர்வருக்கு மாற்றினேன். அன்று சாயந்திரம் வேன் சைட்டு நிற்கவே இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் சாயந்திரம் நின்றது. வடையைத் திரும்பக் கேட்க முடியாது.

பாஸ் இதைத் திருஷ்டி என்றார். புது சைட்டு, பார்த்தவர்களெல்லாம் அழகு அழகு என்று சொன்னார்கள், கண் பட்டிருக்கிறது என்பது அவர் கணக்கு. எலுமிச்சையும் மிளகாயும் கட்டி சப்போர்ட் கம்ப்யூட்டருக்கு மேலே தொங்கவிட்டார். அதன் பிறகு அந்த வாரம் முழுக்க சைட்டு நிற்காமல் ஓடியது. பாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. எலுமிச்சை காய்ந்ததோ என்னவோ, அடுத்த வாரம் பழைய குருடி கதவைத் திறந்தாள்.

சரோஜா அக்காவிடம் வேறொரு கண்டுபிடிப்பு இருந்தது.

"நான் கவனிச்சுட்டேன்மா. மழ பெஞ்சா ஓடுது. வெயில் அடிச்சா சாயந்திரம் நின்னுருது."

"மழையிலயாக்கா? மழ வந்தா லைன் போகும். நீங்க தலைகீழா சொல்றீங்க."

"எனக்குத் தெரியாது லா. நான் பார்த்ததச் சொன்னேன்."

நானும் தினேஷும் போனை வைத்துவிட்டுச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு எனக்கு உள்ளுக்குள் ஒரு மாதிரி இருந்தது. ஏனென்றால் நான் வடை வாங்கிய அன்று மழை. எலுமிச்சை கட்டிய வாரம் முழுக்கச் சாயந்திர மழை. மழையைப் பார்த்து ஓடும் புரோகிராம் உலகத்தில் உண்டா? யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓய்வு வயதுக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள்.

இத்தனைக்கும் யாருக்கும் பெரிய கெடுதல் நடக்கவில்லை. சைட்டு நின்றாலும் பழைய டிரைவர் அண்ணனுக்கு எல்லா வீடும் தெரியும். அவர் பாட்டுக்குப் போய் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். அதனாலேயே நாங்களும் இதை அவசரமில்லாத தொல்லையாக வைத்திருந்தோம்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

இந்த ஆபீசில் அன்றைக்கு என்ன நடக்கும் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். மத்தியானத்துக்கு முன்பே எல்லாரும் லேப்டாப்பை முழுசாக அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட வேண்டும். சர்வர் இருப்பது சைபர்ஜெயாவில், அதனால் அதன் போட்டோவுக்கு ஒரு பொட்டு. சப்போர்ட் கம்ப்யூட்டர் ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு. அதற்குப் பொட்டு உண்டு, ஓய்வு கிடையாது. கற்பூரம் காட்டிய பிறகு மறுநாள் காலைவரை சாமி முன்னால் இருக்கும் எதையும் யாரும் தொடக் கூடாது. இந்த விஷயத்தில் பாஸ் விட்டுக்கொடுக்கவே மாட்டார். கருவிக்கும் ஒருநாள் ஓய்வு வேண்டும் என்பார்.

பூஜை முடிந்தது, சுண்டல் சாப்பிட்டாயிற்று, அரைநாள் விடுமுறை. எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். தினேஷ் கையை வீசிக்கொண்டு ரவாங் ரயிலுக்குப் போனான். நானும் பாஸும் மட்டும் இருந்தோம். போன் அடித்தது.

"வசந்தா, சைட்டு திறக்கல."

"இப்ப வெயிலாக்கா?" என்று கேட்டேன்.

சரோஜா அக்கா சிரிக்கவில்லை.

"வெளையாடாதம்மா. முனியாண்டி அண்ணன் போன தடவ வரல, சாவு வீட்டுக்குப் போயிட்டாரு. இப்ப கால் ரெண்டும் வீங்கி இருக்கு, பேசினாலே மூச்சு வாங்குது. நர்ஸு காலையிலயே சொல்லிட்டாங்க, இன்னிக்கு எப்படியாச்சும் கொண்டாந்துருங்கன்னு. வேன் அவரத் தேடி கேரி தீவுக்குள்ள சுத்திக்கிட்டு இருக்கு."

"பழைய டிரைவர் அண்ணன்?"

"லீவு. அவரு சொந்த லோரிக்கு இன்னிக்குப் பூஜை, போனும் எடுக்கல. புதுசா சேர்ந்த ரவியை அனுப்பியிருக்கேன். அவன் பழைய தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கம் போயிருக்கான். ஆனா முனியாண்டி அண்ணன் இப்ப அங்க இல்ல. போன மாசம் மக வீட்டுக்கு மாறிட்டாரு. புது அட்ரஸ நானேதான் சைட்டுல அடிச்சேன், எங்கன்னு இப்ப ஞாபகம் வரல லா."

அண்ணனின் போன் அடித்துக்கொண்டே இருந்ததாம், யாரும் எடுக்கவில்லை. மகள் மேரு என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டில் இருக்கிறார், உள்ளே போனால் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். ரவி தீவுக்குள் சுற்றிச் சுற்றிப் பூசிங் போட்டுக்கொண்டிருக்கிறான். எல்லாத் தெருவும் செம்பனைத் தோட்டம், எல்லா வளைவும் ஒரே மாதிரி. வழி கேட்கலாம் என்றால் ஊர் பாதி பூஜைக்குப் போய்விட்டது.

முதலில் சர்வரைப் பார்த்தேன். பழையபடி அங்கேயே கொண்டுவந்துவிட்ட கோயில் சைட்டு திறந்தது. பூக்கடை சைட்டு திறந்தது. டியூஷன் சென்டர் சைட்டு திறந்தது. எல்லாம் பிஎச்பி, எல்லாம் பழசு, எல்லாம் ஓடின. வேன் மட்டும் இல்லை. என்ன செய்வது என்று தெரியாமல் சர்வரில் வெப் சேவையை ஒருமுறை நிறுத்திக் கிளப்பினேன். ஒரு புண்ணியமும் இல்லை. உங்களுக்கும் இந்தப் பழக்கம் வரும்: ஒன்றும் புரியாதபோது கை தானாக எதையாவது ரீஸ்டார்ட் செய்யும்.

என் கைப்போனில் தினேஷைக் கூப்பிட்டேன். ரயிலில் இருந்தான்.

"காலையிலகூட பார்த்தேனே அக்கா. நான் திறந்ததும் ஓடுச்சு."

"இப்ப போன்ல பாரு."

திறந்து பார்த்தான். "ஆமாக்கா, ஓடல. ஆச்சரியமா இருக்கு."

"இதுக்கு முன்னாடி என்னிக்காச்சும் போன்ல பார்த்திருக்கியா?"

"இல்ல அக்கா. எப்பவும் லேப்டாப்புலதான். திறந்ததும் ஓடும்."

"திறந்ததும் ஓடும். சரி. திறக்கறதுக்கு முன்னாடி ஓடுச்சான்னு உனக்குத் தெரியுமா?"

ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரை மலாயில் சொல்லும் குரல்தான் கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்.

"அக்கா... லேப்டாப் ஆன் ஆனா அதுவே சர்வருக்குள்ள லாகின் பண்ணி, புரோகிராம ஸ்டார்ட் பண்ணிரும். டெஸ்டிங் அப்ப நான்தான் அப்படி செட் பண்ணேன். லாகின் இருக்கற வரைக்கும் ஓடும்."

"லேப்டாப்ப மூடினா?"

"லாகின் போயிரும்."

"அந்த லேப்டாப் இப்ப எங்க இருக்கு?"

"சாமி முன்னால" என்றான்.

திரும்பிப் பார்த்தேன். சாமந்திப் பூவுக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில், மூடியில் சந்தனமும் அதன்மேல் குங்குமமுமாக, நிம்மதியாகப் படுத்திருந்தது. கிள்ளான் வட்டாரத்து ரத்தம் கழுவும் வேன்கள் எல்லாவற்றையும் அதுவரை அதுதான் தூக்கிப் பிடித்திருந்தது.

எழுந்து போய் கையை நீட்டினேன். பாஸ் குறுக்கே வந்தார்.

"வேணாம்மா. கற்பூரம் காட்டியாச்சு. நாளைக்குக் காலையில எடுத்துக்கலாம்."

"பாஸ், ஒரு ஆளு உயிரு."

"நான் இல்லன்னு சொல்லல. ஆனா இன்னிக்கு எடுக்கக் கூடாதுன்னா கூடாது. வேற வழி பாரு."

"வேற வழி இருந்தா நான் ஏன் சாமிகிட்ட வரேன்?"

குரல் உயர்ந்துவிட்டது. அவர் சாமி மேல் கைவைக்காதே என்கிறார், நான் கருவிக்கு ஓய்வாம், மனுஷனுக்கு நிரந்தர ஓய்வே கிடைத்துவிடும் போலிருக்கிறதே என்கிறேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது, அவர் கல் நெஞ்சக்காரர் இல்லை. ஸ்பீக்கரில் போட்டுவைத்திருந்த என் மேசைப் போனிலிருந்து சரோஜா அக்காவின் குரல் வந்தது. நான் வைக்கச் சொல்லவில்லை, அவரும் வைக்கவில்லை.

"ஏன்மா அங்க சண்ட போடுறீங்க? எனக்கு உங்க சைட்டு வேணாம் லா. அட்ரஸ மட்டும் சொல்லு."

நான் அப்படியே நின்றேன். சைட்டை எப்படி எழுப்புவது என்பதிலேயே என் புத்தி சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவுக்குத் தேவை ஒரே ஒரு முகவரி. முகவரிகள் எங்கேயும் போகவில்லை. அவை சர்வரில் தரவுத்தளத்தில் பத்திரமாக இருந்தன. நின்றுபோனது அவற்றைப் படித்துக் காட்டுகிற புரோகிராம் மட்டும். சப்போர்ட் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தரவுத்தளத்தைத் திறந்தேன். முனியாண்டி என்று தேடினேன். அக்காவே அடித்துவைத்த வரி வந்தது: மகள் வீடு, கம்பத்து ஊர்க் கடைசி, பேட்மிண்டன் கோர்ட்டுக்கு எதிரே, நீலக் கேட்டு, அண்ணன் சிம்பாங்கில் நிற்பார்.

உரக்கப் படித்தேன். அக்கா இன்னொரு போனில் ரவிக்குச் சொன்னார். அவன் அலறியது எனக்கே கேட்டது.

"அங்கயா அக்கா? அங்க ரெண்டு தடவ போனேனே! ஒரு பெரியவரு பையோட உக்காந்திருந்தாரு. பஸ்ஸுக்கு நிக்கிறாருன்னு நெனச்சேன். கையகூட காட்டினாரு. நானும் கையக் காட்டிட்டுப் போயிட்டேன்."

முனியாண்டி அண்ணன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டு, வழக்கம்போல் சிம்பாங் முச்சந்தியில் வந்து உட்கார்ந்திருக்கிறார். வேன் வருவதைப் பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறார். எழுந்து ஓடவோ கத்தவோ மூச்சு இல்லை. வேன்காரன் மரியாதையாகக் கையாட்டிவிட்டுப் போவதை இரண்டு தடவை பார்த்திருக்கிறார்.

ரவி ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்த்தான். நர்ஸ் மெஷினை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். அண்ணன் படுக்கையில் ஏறிவிட்டார் என்று சரோஜா அக்கா சொன்னபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாஸ் பக்கத்தில் வந்து சுண்டல் கிண்ணத்தை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

ஆனால் சாயந்திர ஷிப்டு நோயாளிகள் பாக்கி இருந்தார்கள். ஒவ்வொரு முகவரியையும் நான் போனில் படித்துக்கொண்டிருக்க முடியாது. சப்போர்ட் கம்ப்யூட்டரிலிருந்தே தினேஷின் புரோகிராமைக் கிளப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கிளப்பியிருக்கலாம். அப்புறம் அந்த லாகின் அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும், என்னால் வீட்டுக்குப் போக முடியாது. அதனால் ஒரே ஒரு பிஎச்பி கோப்பு எழுதினேன். தரவுத்தளத்தைத் திற, இன்றைய பெயர்களை எடு, முகவரியும் போன் நம்பரும் போடு, அவ்வளவுதான். நோயாளிகள் விவரம் என்பதால் ஆளுக்கு ஒரு கடவுச்சொல். வரைபடம் இல்லை, நிறம் இல்லை, பார்க்கவே அசிங்கம். சர்வரில் போட்டேன். டிரைவர்கள் திறந்தார்கள், திறந்தது. லாகினிலிருந்து வெளியே வந்து எழுந்தேன், அப்போதும் திறந்தது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஷேர்டு ஹோஸ்டிங் என்பது பல குடும்பங்கள் சேர்ந்து புழங்கும் ஒரு பொது சமையலறை. பிஎச்பி அதற்கேற்ற ஆள். யாராவது வந்து கேட்டால் அடுப்பைப் பற்றவைக்கும், சமைத்துக் கொடுக்கும், அணைத்துவிட்டு வெளியே போய்விடும். அடுத்த ஆள் வரும்வரை அது அங்கே இருக்கவே இருக்காது. அதனால் நூறு குடித்தனமும் ஒரே அடுப்பில் காலம் தள்ளலாம். நோட் ஜேஎஸ்ஸில் எழுதியது, ஜாவாவில் எழுதியது, பைத்தானில் எழுதும் பல செயலிகள், இவையெல்லாம் அடுப்பை அணைக்காமல் வைத்திருந்து சமைக்கிற வகை. எப்போது கேட்டாலும் சூடாகக் கொடுக்கும், வேன் நகர்வதை விடாமல் காட்டும். ஆனால் பொது சமையலறையில் யாரோ ஒருவர் அடுப்பை எரியவிட்டுவிட்டு வெளியே போனால் காவல்காரர் என்ன செய்வார்? அணைப்பார். நம் சர்வரிலும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. சொந்தக்காரர் உள்ளே லாகினில் இருந்தால் சும்மா இருக்கும், வெளியே போனதும் அவர் விட்டுப்போன புரோகிராமை நிறுத்திவிடும். தவறில்லை, மற்றவர்களுக்கும் அடுப்பு வேண்டுமே. இந்தக் காவலை அமைத்ததே நாங்கள்தான். அதை மறந்துவிட்டுத்தான் கோயிலை வீடு மாற்றி, எலுமிச்சை கட்டி, வடை வாங்கிக்கொண்டிருந்தோம்.

நோட் ஜேஎஸ் மோசம் என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனி வீடு கொடுங்கள், ராணி மாதிரி இருக்கும். பிறகு தினேஷின் புரோகிராமுக்குத் தனியாக ஒரு சிறிய சர்வர் எடுத்துக் கொடுத்தோம், அங்கே அவன் வரைபடம் இன்றுவரை அழகாக ஓடுகிறது. இடத்தைப் பார்க்காமல் ஆளைக் குடிவைத்ததுதான் கோளாறு. அதில் எங்கள் எல்லாருக்கும் பங்கு உண்டு, அவனுக்கு மட்டும் இல்லை.

அன்று தினேஷ் ரவாங்கில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் அடுத்த ரயிலைப் பிடித்துத் திரும்பி வந்துவிட்டான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எனக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன்.

"மழ பெஞ்சா நீ லேப்டாப்ப என்ன செய்வ?"

"ஆபீஸ்லயே விட்டுட்டுப் போயிருவேன் அக்கா, ஆன்லயே. ரயிலடி போறதுக்குள்ள நனைஞ்சிரும்ல" என்றான்.

வெயில் நாளில் தூக்கிக்கொண்டு போவான், ரயிலில் போகிற நேரம் முழுக்க சைட்டு படுத்திருக்கும், வீட்டில் போய்த் திறந்ததும் எழுந்துவிடும். காலை ரயிலிலும் அதே கதைதான், ஆனால் அந்த நேரத்தில் யாரும் சைட்டைத் திறப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவன் நண்பர்களோடு வெளியே போனால் நாள் முழுக்கக் கிடக்கும். சரோஜா அக்காவின் மழைக் கணக்கு சரி, காரணம்தான் வேறு.

பாஸ் இன்னொரு கணக்கு வைத்திருந்தார். "பூஜையில வைக்கலன்னா இது வெளியவே வந்திருக்காது. சாமிதான் காட்டிக் குடுத்துச்சு" என்றார். சாமி முன்னால் வைத்ததால்தானே நின்றது என்று சொல்ல வாயெடுத்தேன். அதே சமயம், தினேஷ் ஒருநாள் படுத்த படுக்கையாகியிருந்தால் இதைவிட மோசமாக நின்றிருக்கும் என்பதும் உண்மை. அவர் சொன்னது சரியா, நான் நினைத்தது சரியா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருநாள் ஒரு பக்கம் தோன்றும், மறுநாள் மறுபக்கம்.

கொஞ்ச நாள் கழித்து சரோஜா அக்கா முனியாண்டி அண்ணனிடம் போனைக் கொடுத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் மெதுவாக, மூச்சு விட்டு விட்டுக் கேட்டார்.

"ஏம்மா, அந்தத் தம்பி பெட்டிய மூடினதாலதான் எனக்கு வண்டி வரலன்னு சொல்றாங்களே, நெசமா?"

"ஆமாங்கண்ணே. இப்ப சரி பண்ணியாச்சு."

"அது சரிம்மா. இன்னும் யார் யார் பெட்டி மேல நாங்க ஓடிக்கிட்டு இருக்கோம்?"

உண்மையிலேயே எனக்குத் தெரியாது. எங்கள் ஆபீசில் யாருக்கும் தெரியாது.

ஆயுத பூஜையன்று ஏன் கற்பூரம் காட்டுவதற்கு முன்பு எல்லா லேப்டாப்பையும் அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறோம் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். பாஸ் அதை ஐதீகம் என்று சொல்லியிருப்பார். ஐதீகமும் இல்லை ஒன்றும் இல்லை. முனியாண்டி அண்ணன் கேட்ட கேள்விக்கு வருஷத்துக்கு ஒருமுறை விடை தேடுகிறோம். எல்லார் பெட்டியும் மூடிய பிறகு எந்த சைட்டு படுக்கிறது என்று சப்போர்ட் கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம். முதல் வருஷம் மூன்று படுத்தன. அதில் ஒன்று பாஸ் தன் கையால் செய்தது. நான் அன்று அவரைப் பார்த்துச் சிரித்தேன், எலுமிச்சைக்குச் சரியாகப் போயிற்று.

நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் பழக்கதோஷத்தில் சீக்கிரமே எழுந்துவிட்டேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்படியும் யாராவது கூப்பிடுவார்கள், வசந்தாக்கா இது எப்படி, வசந்தாக்கா அது எங்கே என்று கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். மத்தியானம்வரை ஒருவரும் கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் உழைத்தேன், ஒரு சின்ன சந்தேகம்கூடவா வரவில்லை? அழுகையும் வந்தது. என்னைக் குறித்தே எனக்கு ஒன்றும் புரியவில்லை.

கடைசியில் அந்த அசிங்கமான பிஎச்பி பக்கத்தைத் திறந்து பார்த்தேன். டிரைவர்கள் இன்னும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். நோயாளியை ஏற்றியதும் தட்டுவதற்கு ஒரு பொத்தான் கேட்டார்கள், அதை மட்டும் பிறகு சேர்த்திருந்தேன். முனியாண்டி அண்ணன் பெயருக்கு நேராக "ஏறிவிட்டார்" என்று இருந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது, வேலையை விட்டுப் போனவளின் கடவுச்சொல் இன்னும் அந்தப் பக்கத்தைத் திறக்கிறது. அதை உடனே எடுத்துவிடு என்று தினேஷைத் திட்டி ஒரு செய்தி அனுப்பிவிட்டு, லாகினிலிருந்து வெளியே வந்து, போனை அணைத்தேன்.